'ஆன்லைன் கேஸ்' போட்டுட்டாங்களா? அபராதத்தை எதிர்ப்பது எப்படி, லைசென்ஸைக் காப்பாற்றுவது எப்படி? முழு விளக்கம்

நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூரில் தறி ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் செல்போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "உங்கள் வாகனத்துக்கு ரூ.1,000 அபராதம். காரணம்: ஹெல்மெட் அணியவில்லை. இடம்: சென்னை." வண்டியோ காலையிலிருந்து பட்டறை வாசலில்தான் நிற்கிறது.

அதே ஊரிலிருந்து லாரி ஓட்டப் போகும் இன்னொருவருக்கு வேறு சிக்கல். வண்டி ஓட்டும்போது செல்போனில் பேசியதாகப் போட்ட அபராதத்தை அவர் அன்றைக்கே கட்டிவிட்டார். ஆனால் சில வாரம் கழித்து, "உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் தகுதியிழப்பு செய்யக் கூடாது?" என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. "அதான் ஃபைன் கட்டிட்டேனே, இன்னும் என்ன?" என்பது அவர் கேள்வி.

முதலாமவருக்குப் பிரச்னை ஆயிரம் ரூபாய். இரண்டாமவருக்குப் பிரச்னை 3 மாதப் பிழைப்பு. லாரித் தொழிலை நம்பியிருக்கும் நாமக்கல் பக்கத்தில் இந்த இரண்டாவது பிரச்னைதான் பெரிது. இந்த இரண்டு பேருக்கும் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சலான் என்பது தீர்ப்பா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

சலான் என்பது "நீங்கள் இந்த விதியை மீறியிருக்கிறீர்கள்" என்று காவல்துறையோ போக்குவரத்துத் துறையோ சொல்லும் குற்றச்சாட்டு. அதை ஒப்புக்கொண்டு, அரசு நிர்ணயித்த தொகையைக் கட்டினால் விஷயம் நீதிமன்றம் போகாமல் முடிகிறது. இதற்குச் சட்டத்தில் 'இணக்கத் தீர்வு' என்று பெயர். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 200-வது பிரிவு இதற்கு வழி செய்கிறது. ஒப்புக்கொள்ள விருப்பமில்லை என்றால், "நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் வேலை.

அபராதம் எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் பெரிய திருத்தம் வந்தது. அது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதம் 2022 அக்டோபரில்தான் அமலானது. அதில் அடிக்கடி மாட்டும் சில விதிமீறல்கள்:

• ஹெல்மெட் அணியாதது: ரூ.1,000
• சீட் பெல்ட் அணியாதது: ரூ.1,000
• சிக்னலை மீறுவது: முதல் முறை ரூ.500, அடுத்த முறை ரூ.1,500
• செல்போன் பேசியபடி ஓட்டுவது: முதல் முறை ரூ.1,000, அடுத்த முறை ரூ.10,000
• இன்ஷூரன்ஸ் இல்லாதது: ரூ.2,000
• லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது: ரூ.5,000
• ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனத்துக்கு வழிவிடாதது: ரூ.10,000

குடித்துவிட்டு ஓட்டுவது (185-வது பிரிவு) இந்தக் கணக்கில் வராது. அது 200-வது பிரிவின் இணக்கத் தீர்வுப் பட்டியலிலேயே இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.15,000 அல்லது இரண்டும். அந்த வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

'கட்டிட்டா முடிஞ்சுது' உண்மையா?

பாதிதான் உண்மை. பணம் கட்டினால் அந்த அபராத விஷயம் முடிகிறது. ஆனால் 2019 திருத்தம் 200-வது பிரிவில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது.

ஒன்று: கட்டி முடித்த குற்றமும் 'முதல் குற்றம்' என்று கணக்கில் வரும். அதே தவறை மறுபடி செய்தால் 'இரண்டாவது முறை' அபராதம் பாயும். செல்போன் பேசியதற்கு ரூ.1,000 எப்படி ரூ.10,000 ஆகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு: பணம் கட்டியதால் லைசென்ஸ் மீதான நடவடிக்கையிலிருந்து தப்ப முடியாது. 206-வது பிரிவின் 4-வது உட்பிரிவின் கீழ் லைசென்ஸ் மீது எடுக்கப்படும் நடவடிக்கை தனியாக நடக்கும்.

மேலே சொன்ன லாரி ஓட்டுநருக்கு நடந்தது இதுதான். எனவே செய்யாத தவறுக்கு, "ஆயிரம் ரூபாய்தானே, யார் அலையறது, கட்டிட்டுப் போயிடலாம்" என்று கட்டுவது சில நேரம் பின்னால் செலவு வைக்கும். லைசென்ஸை நம்பிப் பிழைப்பவர்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

எஸ்எம்எஸ் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பணம் கட்டுவதற்கு முன், வந்த செய்தி உண்மையானதா என்று பார்க்க வேண்டும். போலி சலான் மோசடி இப்போது அதிகம். வாட்ஸ்அப்பில் 'ஆர்.டி.ஓ. சலான்' என்ற பெயரில் ஒரு ஏ.பி.கே. ஃபைல் வரும். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்தால் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. வரை மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விடும், வங்கிக் கணக்கு காலியாகும்.

• எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் லிங்க்கைத் தொட வேண்டாம்.
• மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ போட்டுப் பாருங்கள். அங்கே இல்லாத சலானுக்குப் பணம் கட்டக் கூடாது.
• பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு.

சலான் உண்மைதான் என்றால், அதிலுள்ள வண்டி எண், தேதி, நேரம், இடம், சட்டப்பிரிவு, புகைப்படம் ஆறையும் பாருங்கள். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்க எப்போது காரணம் இருக்கிறது?

"ஃபைன் அதிகம்" என்பது காரணம் ஆகாது. "எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்பதும் எடுபடாது. கீழே உள்ளவை வலுவான காரணங்கள்.

வண்டி எண் தவறு: ஒரு எழுத்தோ இலக்கமோ மாறிப் பதிவாகியிருக்கலாம். புகைப்படத்தில் இருப்பது ஸ்கூட்டர், உங்களுடையது மொபெட் என்றால் அதுவே போதுமான ஆதாரம்.

போலி நம்பர் பிளேட்: வேறு யாரோ உங்கள் எண்ணை ஒட்டிக்கொண்டு சுற்றலாம். இதில் சலானை எதிர்ப்பது மட்டும் போதாது. உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கியாக வேண்டும். நாளைக்கு அந்த வண்டி ஒரு விபத்திலோ திருட்டிலோ சம்பந்தப்பட்டால், இந்த ரசீதுதான் உங்களைக் காப்பாற்றும்.

வண்டியை விற்றுவிட்டீர்கள்: இதைப் பற்றித் தனியாகக் கீழே பார்க்கலாம்.

ஆவணம் நடப்பில் இருந்தது: இன்ஷூரன்ஸ் இல்லை என்று சலான் போட்ட நாளில் பாலிசி உயிரோடு இருந்தால், பாலிசி நகலே பதில்.

ஒரே தவறுக்கு இரண்டு சலான்: ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை பதிவாகியிருந்தால் எதிர்க்கலாம்.

புகைப்படம் தெளிவில்லை: குற்றமோ நம்பர் பிளேட்டோ படத்தில் தெரியவில்லை என்றால் கேள்வி எழுப்பலாம்.

கேமரா போட்ட சலானுக்கு என்ன விதி?

ஆளே நிறுத்தாமல், கேமரா பார்த்துப் போடும் சலானுக்கென்று தனி விதி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி அது. அதன்படி:

• கேமரா, வேகம் அளக்கும் கருவி போன்றவற்றுக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.
• கண்காணிப்பு நடக்கும் இடத்தில் வாகன ஓட்டிகளுக்குத் தெரியும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்.
• குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.
• குற்றமும் நம்பர் பிளேட்டும் தெரியும் தெளிவான புகைப்படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவை இருக்க வேண்டும்.
• மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு சான்றிதழ் என்று சொல்லப்பட்டது இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இது 63-வது பிரிவாக உள்ளது.

இதில் ஏதாவது ஒன்று குறைந்தால் சலான் தானாகச் செல்லாமல் போய்விடாது. ஆனால் குறைதீர் மனுவிலோ நீதிமன்றத்திலோ இவற்றைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

அதிவேகம் என்றால் என்ன ஆதாரம் வேண்டும்?

சேலம்–நாமக்கல் தேசிய நெடுஞ்சாலை போன்ற சாலைகளில் ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பாதுகாப்பு இரண்டு சட்டத்தில் உண்டு.

முதலாவது, 183-வது பிரிவு. "வண்டி வேகமா போச்சு, நான் பார்த்தேன்" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து அதிவேகத்துக்குத் தண்டிக்க முடியாது. இயந்திரம் அல்லது மின்னணுக் கருவியால் கணிக்கப்பட்ட வேகம் அதற்குத் துணையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, 209-வது பிரிவு. அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல் ஆகிய குற்றங்களில் தண்டனை விதிக்க வேண்டும் என்றால், சம்பவ இடத்திலேயே "உங்கள் மீது வழக்கு வரும்" என்று எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் சார்பு செய்திருக்க வேண்டும். உரிய முயற்சி எடுத்தும் ஓட்டுநரின் பெயர், முகவரியையோ உரிமையாளரின் பெயர், முகவரியையோ உரிய நேரத்தில் கண்டுபிடிக்க முடியாமல் போயிருந்தாலோ, நோட்டீஸோ சம்மனோ சேராமல் போனதற்குக் குற்றம் சாட்டப்பட்டவரின் நடத்தையே காரணம் என்றாலோ இந்தச் சலுகை கிடைக்காது. அதனால் ஆர்.சி.யிலும் லைசென்ஸிலும் சரியான முகவரியும் செல்போன் எண்ணும் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது.

எதிர்ப்பது எப்படி? படிப்படியாக

1. சலான் போட்ட பிரிவை அணுகுங்கள்: எந்த ஊர்க் காவல் நிலையம், எந்தப் பிரிவு என்பது சலானிலேயே இருக்கும். ஆர்.சி. நகல், வண்டியின் நான்கு பக்கப் புகைப்படம், அன்றைக்கு வண்டி வேறு இடத்தில் இருந்ததற்கான ஆதாரம் (டோல்கேட் ஃபாஸ்டேக் பதிவு, பட்டறை சிசிடிவி, சர்வீஸ் சென்டர் பில்) ஆகியவற்றுடன் எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். மனு பெற்றதற்கு அத்தாட்சி வாங்க மறக்க வேண்டாம்.

2. இணையத்தில் குறைதீர் மனு: பரிவாஹன் இ-சலான் தளத்திலேயே புகார் பதியும் வசதி உள்ளது. சலான் எண், காரணம், ஆதாரத்தைப் பதிவேற்றினால் புகார் எண் கிடைக்கும். சென்னை, கோவை என்று வெளியூர் சலானுக்கு முதலில் இதைச் செய்வதே சிக்கனம்.

3. விர்ச்சுவல் கோர்ட்: கட்டாமல் விட்ட சலான் விர்ச்சுவல் கோர்ட் எனப்படும் இணைய நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே வண்டி எண்ணைப் போட்டால் வழக்கு தெரியும். இரண்டு வழி இருக்கும்: அபராதம் கட்டலாம், அல்லது வழக்கை எதிர்க்கிறேன் என்று பதிவு செய்யலாம். எதிர்த்தால் வழக்கு எல்லைக்குட்பட்ட வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும்.

4. குற்றவியல் நடுவர் நீதிமன்றம்: வெண்ணந்தூர் பகுதியில் போட்ட வழக்கு என்றால் பொதுவாக ராசிபுரம் நீதிமன்றம்தான். சென்னையில் போட்ட வழக்கு சென்னையில் நடக்கும். நேரில் போகலாம், வழக்கறிஞர் மூலமும் ஆஜராகலாம்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். இலவசத் தொலைபேசி எண் 15100. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் உள்ளிட்டோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற கெடு சலானிலும் நோட்டீஸிலும் அச்சாகியிருக்கும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், "60 நாள் டைம் இருக்கு", "90 நாள் வரை ஒண்ணும் ஆகாது" என்று டீக்கடையில் கேட்டதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நிலுவை சலான் இருந்தால் எஃப்.சி. வாங்கும்போதும் பெயர் மாற்றும்போதும் அது குறுக்கே வந்து நிற்கும்.

சாலையில் நிறுத்தினால்?

சீருடையில் உள்ள போலீஸ்காரரோ, மோட்டார் வாகன ஆய்வாளரோ (ஊர் வழக்கில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்') கேட்டால் ஆவணங்களைக் காட்டியாக வேண்டும். ஒரிஜினல் லைசென்ஸைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2017-ல் தமிழ்நாட்டில் எழுந்த பரபரப்பு பலருக்கும் நினைவிருக்கும். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2018-க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-வது விதி திருத்தப்பட்டு, டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாஹன் செயலியில் உள்ள மின்னணு ஆவணமும் செல்லும் என்றானது.

கவனிக்க: டிஜிலாக்கரில் இருப்பது செல்லும். கேலரியில் எடுத்து வைத்த லைசென்ஸ் போட்டோ அதற்குச் சமம் ஆகாது.

பணம் கட்டினால் ரசீது கண்டிப்பாக வேண்டும். ரசீது இல்லாமல் கொடுத்த பணம் எந்தக் கணக்கிலும் சேராது. வாக்குவாதம் வேண்டாம், "சார், சலான் போடுங்க, நான் கோர்ட்ல பாத்துக்கறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைத் தன்மையாகச் சொன்னாலே போதும்.

லைசென்ஸை எப்போது பறிமுதல் செய்யலாம்?

எல்லாத் தவறுக்கும் லைசென்ஸைப் பிடுங்க முடியாது. 206(4) பிரிவு ஒரு பட்டியல் தருகிறது: அதிவேகம் (183), ஆபத்தாக ஓட்டுதல் (184, செல்போன் பேசுவதும் சிக்னல் மீறுவதும் இதற்குள் வருகின்றன), குடித்துவிட்டு ஓட்டுதல் (185), ரேஸ் ஓட்டுதல் (189), பாதுகாப்பற்ற வண்டியை ஓட்டுதல் (190), டூவீலரில் மூன்று பேர் (194சி), ஹெல்மெட் அணியாதது (194டி), அவசர வாகனத்துக்கு வழிவிடாதது (194இ).

இந்தக் குற்றங்களில் லைசென்ஸை வாங்கினால் அதிகாரி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை ஓட்டக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

பறிமுதல் செய்த லைசென்ஸ், உரிமம் வழங்கும் அதிகாரியான ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பப்படும். அவர் 19-வது பிரிவின் கீழ் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். விளக்கம் சரி என்றால் விடுவிக்கலாம். சரியில்லை என்றால் காரணங்களை எழுத்தில் பதிந்து, முதல் குற்றத்துக்கு 3 மாதம் தகுதியிழப்பு செய்யலாம். இரண்டாவது முறை என்றால் லைசென்ஸையே ரத்து செய்யலாம்.

உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில், 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ஒரு உத்தரவு அனுப்பியது. அதிவேகம், சிக்னல் மீறல், அதிகபாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேச்சு ஆகியவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை முடக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் இந்த நடவடிக்கைகள் கூடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தால்?

• நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டாம். பதில் இல்லை என்றால் உங்கள் தரப்பு இல்லாமலே உத்தரவு வரும்.
• கெடுவுக்குள் எழுத்துப்பூர்வ விளக்கம் கொடுங்கள். என்ன நடந்தது, என்ன ஆதாரம், இத்தனை ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டியது, லைசென்ஸே வாழ்வாதாரம் என்பதைச் சுருக்கமாக எழுதினால் போதும்.
• நேரில் விசாரிக்கும்படி கேளுங்கள். விசாரணை நாளன்று கட்டாயம் போக வேண்டும்.
• உத்தரவு எதிராக வந்தால், அது கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.
• 3 மாதம் முடிந்ததும் லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததா, இணையத்தில் முடக்கம் நீங்கியதா என்று இரண்டையும் பாருங்கள்.

விபத்து நடந்ததும், விளக்கம் கேட்காமல் லைசென்ஸை முடக்கிய உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் ரத்து செய்திருக்கிறது. பேருந்து ஓட்டுநர்கள் தொடர்ந்த வழக்குகள் அதில் கணிசம். "என்னைக் கேட்கவே இல்லை" என்பது சட்டத்தின் முன் வலுவான வாதம். ஆனால் நோட்டீஸ் வந்தும் பதில் போடாதவருக்கு அந்த வாதம் கிடைக்காது.

முடக்கக் காலத்தில் "பக்கத்து ஊருக்குத்தானே" என்று ஓட்டினால், 182-வது பிரிவின் கீழ் 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். செல்லுபடியான லைசென்ஸ் இல்லை என்று காட்டி, இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த இழப்பீட்டை வண்டி உரிமையாளரிடமே வசூலிக்கக் கேட்கலாம்.

லாரி, மினி லாரி ஓட்டுபவர்களுக்கு

அதிகபாரம்: 194-வது பிரிவுப்படி ரூ.20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. லோடு ஏற்றியதும் எடைமேடைச் சீட்டை வாங்கி வண்டியில் வைத்துக்கொள்வது ஓட்டுநருக்கே பாதுகாப்பு. அபராதத்தை முதலாளி கட்டலாம். முடங்குவது ஓட்டுநரின் லைசென்ஸ்.

வேகம்: நடுத்தர, கனரக வாகனங்களுக்கு மத்திய சட்டத்தில் ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. இரண்டாவது முறை என்றால் லைசென்ஸ் பறிமுதல்.

பேட்ஜ் கேள்வி: இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்தது. இந்த எடைக்குள் உள்ள வண்டி ஓட்டியதற்கு 'தகுந்த லைசென்ஸ் இல்லை' என்று கேஸ் போட்டால் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

காலாவதி: சரக்கு, பயணிகள் வாகன லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதி தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

விற்ற வண்டிக்கு சலான் வந்தால்?

ஊர்ப்பக்கம் அதிகம் நடப்பது இது. பழைய டூவீலரை ஒருவருக்குக் கொடுத்து, பணம் வாங்கி, சாவி கொடுத்தாகிவிட்டது. ஆர்.சி. மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும். 50-வது பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30 இதற்கானவை.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது. சலான் ஆயிரம் ரூபாய். விபத்து இழப்பீடு பல லட்சம். விற்ற வண்டிக்கு சலான் வந்தால் அதை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டு, விற்பனை ரசீதுடன் உடனே ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும்.

பையன் வண்டி எடுத்தால் யார் மீது கேஸ்?

18 வயது ஆகாதவர் ஓட்டிப் பிடிபட்டால், 199ஏ பிரிவின் கீழ் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "பக்கத்துக் கடைக்குத்தான் அனுப்பினேன்" என்பது காப்பாற்றாது.

கட்டுவதா, எதிர்ப்பதா?

தவறு உண்மையில் நடந்திருக்கிறது, ஆதாரம் தெளிவாக இருக்கிறது என்றால் கெடுவுக்குள் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துவதே நல்லது. நீதிமன்றத்துக்கு அலையும் நாட்களின் கூலியையும் பஸ் செலவையும் கணக்குப் போட வேண்டும்.

வண்டி உங்களுடையது இல்லை, குற்றமே நடக்கவில்லை என்றால், சிறிய தொகையாக இருந்தாலும் எதிர்ப்பது நல்லது. முதலில் செலவில்லாத இணைய மனு, பிறகு மற்றவை. 206(4) பட்டியலில் உள்ள குற்றம், அதுவும் செய்யாத குற்றம் என்றால், லைசென்ஸை நம்பி வாழ்பவர் கட்டிவிட்டு வருந்துவதைவிட எதிர்ப்பதே சரி.

கர்நாடகா, தெலங்கானாவில் நிலுவை அபராதத்துக்குத் தள்ளுபடி அறிவித்த செய்திகள் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். அவை அந்தந்த மாநில சலானுக்கு மட்டுமே. அங்கே ஓடும் லாரிகள் பயன்படுத்திக்கொள்ளலாம்; தமிழ்நாட்டு சலானுக்குப் பொருந்தாது.

சுருக்கமாக

• சலான் ஒரு குற்றச்சாட்டுதான். ஒப்புக்கொள்வதும் எதிர்ப்பதும் உங்கள் விருப்பம். பதிலே சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.
• பணம் கட்டினாலும் அது 'முதல் குற்றம்' என்று பதிவில் இருக்கும். லைசென்ஸ் நடவடிக்கையும் தனியாக வரலாம்.
• லிங்க்கைத் தொடாமல், அரசுத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.
• விளக்கம் கேட்காமல் லைசென்ஸை முடக்க முடியாது. நோட்டீஸ் வந்தால் பதில் கொடுங்கள். உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு.
• ஒப்புகைச் சீட்டை வைத்து வண்டி ஓட்ட முடியாது.
• விற்ற வண்டியின் ஆர்.சி.யைப் பெயர் மாற்றும்வரை பொறுப்பு உங்களுடையது.

ஆர்.சி.யிலும் லைசென்ஸிலும் இப்போது பயன்படுத்தும் செல்போன் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். பழைய எண்ணுக்குப் போகும் நோட்டீஸ் உங்கள் கைக்கு வராது, ஆனால் அதன் கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.